எங்கள் மலைக்கு முகவரி எழுதும்போது

ஏற்காட்டு மலைக்குத் தபால் அனுப்புகிறவர்கள் பலரும் சேலம் டவுனுக்கு எழுதுவதுபோலவே முகவரி எழுதுகிறார்கள். கதவு எண், தெருப் பெயர், அப்புறம் ஊர். எங்கள் ஊரில் கதவு எண் இல்லாமல் இல்லை, வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. ஊராட்சியிலிருந்து வந்து சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனதை மழை அழித்துவிட்டது. தெருவுக்குப் பெயர் கிடையாது. காபித் தோட்டங்களுக்கு நடுவே மேட்டில் நாலு வீடு, பள்ளத்தில் ஆறேழு வீடு, ஓடையைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம். மேல்வளவு, கீழ்வளவு, ஓடைக்காடு என்று நாங்களாகச் சொல்லிக்கொள்கிறோம். வளவு என்றால் சேர்ந்தாற்போல் இருக்கிற சில வீடுகள். அந்தப் பெயர்கள் யாருடைய ஆதார் அட்டையிலும் இல்லை.

இருந்தும் தபால் வந்துகொண்டுதான் இருந்தது. வந்துகொண்டே இருந்ததால், எப்படி வருகிறது என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் கிளை அஞ்சலகத்து போஸ்ட்மாஸ்டர் 65 வயது முடிந்து இந்த வருஷம் ஓய்வு பெற்றார். புது ஆள் வரும்வரை சில வாரங்கள் பக்கத்து ஊர்க்காரர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு அவர் ஊரே போதும். அந்தச் சமயத்தில்தான் தபால்கள் திரும்பிப்போக ஆரம்பித்தன. முகவரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உறை மேல் இருந்ததில்லை, அது ஓய்வு பெற்றுப்போன அந்த போஸ்ட்மாஸ்டர் அண்ணன் மனசுக்குள் இருந்தது என்று அப்போதுதான் ஊருக்கே புரிந்தது.

நான் தபாலோடு வளர்ந்தவள். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் தப்பால்காரர், அதாவது எஸ்டேட்டின் தபால் பையைச் சுமக்கிறவர். எஸ்டேட்டுக்கென்று ஒரு கேன்வாஸ் பை உண்டு. பூட்டு ஒன்று, சாவி இரண்டு. ஒரு சாவி எஸ்டேட் ஆபீஸில், இன்னொன்று ஏற்காடு போஸ்ட் ஆபீஸில். சுமக்கிற அப்பாவிடம் சாவி கிடையாது. காலையில் ஆபீஸில் போட்டுப் பூட்டிக் கொடுப்பார்கள். அப்பா குறுக்குப் பாதையில் நடந்து ஏற்காடு போவார். அங்கே திறந்து, போக வேண்டியதை எடுத்துக்கொண்டு, வந்ததைப் போட்டுப் பூட்டித் தருவார்கள். மழை நாளில் தலையில் மழைக்குப் போர்த்துகிற கொங்காணி, அதற்கடியில் நெஞ்சோடு அணைத்த பை. வீடு வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் பையைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்.

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்காரர்களின் கடிதமும் அந்தப் பையில்தான் வரும். கணக்குப்பிள்ளை பிரித்துக் கொடுப்பார், அப்பா லைனுக்கு எடுத்துப்போவார். எழுத்துத் தெரியாத வீடுகளில் படித்துக் காட்டுவது என் வேலை. கேரளாவுக்கு மிளகு எடுக்கப் போன மகன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மருமகன், கட்டிக்கொடுத்த ஊரில் கஷ்டப்படுகிற மகள். படித்து முடித்து வெளியே வந்ததும் அப்பா ஒன்றே ஒன்று சொல்வார். "படிச்சயா, அதோட மறந்துரு." இன்றுவரை அந்தக் கடிதங்களில் இருந்த எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அப்பா போய்விட்டார். எஸ்டேட் பையும் நின்றுவிட்டது. தந்தியை 2013 ஜூலையில் நிறுத்தினார்கள். மணியார்டரும் பழைய காகிதப் படிவத்தில் இப்போது இல்லை. தபாலே முடிந்துவிட்டது என்று கீழே இருக்கிற என் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு வாசலில் பொருளைக் கொண்டுவந்து வைக்க எத்தனையோ கம்பெனி இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

நான் வீட்டிலேயே காபிக்கொட்டை வறுத்து அரைத்து, மிளகோடு சேர்த்து வெளியூருக்கு அனுப்புகிறேன். அதற்கு ஒரு பாக்கெட் சீல் செய்யும் மெஷின் வாங்கினேன். தனியார் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். போன் வந்தது. "மேடம், ஏரிக்கிட்ட வந்து வாங்கிக்கோங்க, அதுக்கு மேல நாங்க வரமாட்டோம்." ஏரி என்றால் ஏற்காடு ஏரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய், பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். பாதி நாள் போய்விடும். நான் போக முடியாமல் மறுநாள் பார்த்தால், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்று கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். என் வாசலுக்குத்தான் யாரும் வரவில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது. மெஷினுக்காக இல்லை. நான் இருக்கிற இடத்தில் நான் இல்லை என்று யாரோ எழுதிவிட்டுப் போனதற்காக.

தபாலில் அப்படி இல்லை. 1854இல் நாடு முழுக்க ஒரே கட்டணம் என்று அரை அணாவுக்குக் கடிதம் போட வைத்தபோதே, பக்கத்துத் தெருவா மலை உச்சியா என்ற கேள்வியை எடுத்துவிட்டார்கள். ஐம்பது காசு போஸ்ட் கார்டு சேலம் டவுனில் இருக்கிற அழகாபுரத்துக்கும் வரும், சேர்வராயன் கோயில் மலைக்குக் கீழே இருக்கிற குடிசைக்கும் வரும். எனக்கு அரசாங்க விஷயங்களில் மனசுக்குப் பிடித்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரி, முகவரிக்கு வருகிறேன்.

முதலில் பின்கோடு. ஏற்காடு 636601. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். முதல் மூன்றும் சேர்ந்து 636 என்றால் சேலத்தில் பிரிக்க வேண்டிய தபால். கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். மாவட்டத்துக்கும் பின்கோடுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தர்மபுரி 1965லேயே தனி மாவட்டமாகப் போய்விட்டது, ஆனால் அதன் பின்கோடு 636701. தபாலுக்கு இன்னும் அது சேலத்தோடுதான்.

இந்த ஆறு எண்ணை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் மலையில் ஊர்ப் பெயர்கள் அப்படி. ஏற்காடு ஒன்றியத்தில் வேலூர் என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. வேலூர் என்று மட்டும் எழுதினால் கோட்டை இருக்கிற வேலூருக்குப் போகும், அது 632. சேலம் மாவட்டம் என்று சேர்த்து எழுதினாலும், வயதானவர்கள் பரமத்தி வேலூர் என்று நினைப்பார்கள். நாமக்கல் 1997இல் பிரியும்வரை அதுவும் சேலம் மாவட்டம்தானே. அதன் பின்கோடு 638182. வாழவந்தி என்று எங்கள் மலையில் ஓர் ஊராட்சி உண்டு. கொல்லிமலையிலும் வாழவந்தி நாடு உண்டு. அதுவும் மலை, இதுவும் மலை, இரண்டும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். பின்கோடு இல்லாவிட்டால் யாரால் பிரிக்க முடியும்?

பக்கத்து வீட்டுப் பையன் டிரைவிங் லைசென்ஸ் எடுத்தான். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து லைசென்ஸும் வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யும் ஸ்பீட் போஸ்டில்தான் வருகின்றன, முன்போல நேரில் போய்க் கையில் வாங்க முடியாது. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவனுடைய முகவரியைத் தட்டியவர், வேலூர் என்று போட்டு ஏற்காடு என்பதை விட்டுவிட்டார். பின்கோடும் தப்பு. லைசென்ஸ் ஊர் சுற்றிவிட்டு அனுப்பிய ஆபீஸுக்கே திரும்பிவிட்டது. அவனுக்குக் கிடைக்கவிருந்த ஜீப் ஓட்டும் வேலை கையில் லைசென்ஸ் இல்லாததால் வேறொருவனுக்குப் போனது. இ-சேவை மையங்களில் முகவரி தட்டுகிற தம்பி தங்கைகள் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுவிடுகிற ஒரு வரியில் ஒருத்தருடைய பிழைப்பு இருக்கிறது.

ஆக, எழுத வேண்டியது இதுதான். பெயர், அதற்குப் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர். இதை விடவே கூடாது. எங்கள் மலையில் சாமி பெயர் வைப்பது வழக்கம், அதனால் ஒரே வளவில் இரண்டு மூன்று சேர்வராயன் இருப்பார்கள், காவேரி என்று நாலு பெண்கள் இருப்பார்கள். அடுத்தது வளவுப் பெயரும் ஓர் அடையாளமும். மாரியம்மன் கோயில் எதிரில், ரேஷன் கடை மேல்புறம், பலாமரத்து வீடு, எப்படிச் சொன்னாலும் சரி. அப்புறம் ஊர், கிளை அஞ்சலகத்தின் பெயர், ஏற்காடு, பின்கோடு. செல் நம்பர் போட்டால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஓ.டி.பி. சொல்லி வாங்குகிற முறை இப்போது தபாலிலும் வந்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்த எண் வந்து சேர, மேட்டில் தண்ணித் தொட்டிவரை ஏற வேண்டும்.

இனி அந்த அண்ணனைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

கிளை அஞ்சலகம் என்றதும் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். கிளை போஸ்ட்மாஸ்டர்தான் அஞ்சலகத்துக்கு இடம் காட்ட வேண்டும் என்பது விதி. அண்ணன் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் எங்கள் போஸ்ட் ஆபீஸ். ஒரு மர மேஜை, தராசு, முத்திரைக் கட்டை, மை டப்பா. சுவரில் செல்வமகள் சேமிப்புத் திட்ட போஸ்டர். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஏறி ஏற்காட்டுக்கு வருகிற பைகளை அங்கே பிரித்துக் கட்டி, எங்கள் பையைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பஸ் சத்தம் கேட்டதும் அண்ணன் நிறுத்தத்தில் நிற்பார். பையை வாங்கியதும் முடிச்சும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் அறைக்குள் போவார். பிரித்ததைத் திண்ணையில் வரிசையாக வைப்பார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்த வேலை என்பதால் பார்சல் போடப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். பெயர் வரிசையில் வைக்க மாட்டார், நடக்கப்போகிற வழி வரிசையில் வைப்பார். கீழ்வளவு முதலில், ஓடைக்காடு கடைசியில். ஓடையில் தண்ணீர் அதிகமாக இருக்கிற நாளில் வரிசையே மாறும்.

ஆள் எங்கே இருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் எடுக்கிற சமயம் பகலில் வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் அறிவிப்புச் சீட்டு விட்டுவிட்டு, ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பலாம், விதி அவ்வளவுதான். அண்ணன் எந்தக் காட்டில் யார் பழம் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே போவார். கையெழுத்து வாங்கும்போது பேனா நிப்பைத் துடைத்துவிட்டுக் கொடுப்பார். பழத்தின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டியிருக்கும், காகிதத்தில் கறை விழும்.

2018க்குப் பிறகு விரல்தான் பெரிய பிரச்சினையானது. அந்த வருஷம் செப்டம்பரில் தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வந்தது. கைரேகை வைத்தால் வீட்டு வாசலிலேயே பணம் எடுக்கலாம். உதவித்தொகை வாங்குகிற ஆயாக்களுக்கும், மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. ஆயிரம் ரூபாய் எடுக்க ஏற்காடு வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் வாழ்நாளெல்லாம் தோட்ட வேலை செய்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் எடுக்காது. அண்ணன் ஒரு சின்ன ஈரத் துணி வைத்திருப்பார். விரலைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி வைக்கச் சொல்வார். கட்டை விரல் எடுக்காவிட்டால் ஆள்காட்டி விரல், அதுவும் இல்லாவிட்டால் இடது கை மோதிர விரல். எந்த ஆயாவுக்கு எந்த விரல் எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அதனால் நேராக அந்த விரலைத்தான் பிடிப்பார். ஒருமுறை எதுவுமே எடுக்காமல் ஓர் ஆயா அழுதுவிட்டார். "நாளைக்குக் காலையில வரேன் ஆயா, கை தூங்கி எந்திரிச்சா எடுக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி மறுநாள் காலை போய் எடுத்துக் கொடுத்தார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது பஸ் இல்லை, பையும் இல்லை. அண்ணன் அப்போதும் அறையைத் திறந்துவைத்திருந்தார். பாதை எப்போது திறக்கும் என்று கேட்க ஊரே அங்கேதான் போனது.

இவ்வளவுக்கும் அவர் அரசு ஊழியர் கணக்கில் வர மாட்டார். கிராமின் டாக் சேவக், சுருக்கமாக ஜி.டி.எஸ். நாலு மணி நேரம் அல்லது ஐந்து மணி நேர வேலை என்று கணக்கு வைத்து அதற்கான படி கொடுப்பார்கள். ரெகுலர் தபால்காரருக்குக் கிடைப்பதுபோல ஓய்வூதியம் கிடையாது. நாட்டில் 1.6 லட்சம் அஞ்சலகங்களுக்கு மேல் இருக்கின்றன, பத்தில் ஒன்பது கிராமங்களில். பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களால்தான் அவை நடக்கின்றன. ஓடைக்காட்டுக்குப் போய்த் திரும்புகிற நடையை யார் எந்த மணிக்கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அவரிடம் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது அவர் இடத்துக்கு வந்திருப்பது தர்மபுரிப் பக்கத்துப் பெண். இருபத்தி மூன்று வயது இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆன்லைனில் தேர்வாகி வந்தவள். மெஷினில் கெட்டிக்காரி. அண்ணன் திணறின இடத்திலெல்லாம் அவள் இரண்டு தட்டு தட்டிவிட்டு முடித்துவிடுகிறாள். ஆனால் ஊர் தெரியாது. முதல் வாரம் ஒரு வங்கிக் கடிதத்தை வேறு சேர்வராயனிடம் கொடுத்துவிட்டு, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உறையில் அப்பா பெயரே இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனே அந்த அறைக்குப் போனார். போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "பாப்பா, பேரை மட்டும் பார்த்துக் குடுக்காத. அனுப்புன ஊர் எதுன்னு முத்திரையைப் பாரு. திருப்பூர்னா மேல்வளவு சேர்வராயன், அவரு மகன் அங்க இருக்கான். பேங்குனா கீழ்வளவு, அவருதான் லோன் வாங்கியிருக்காரு. ஆஸ்பத்திரின்னா கோயில் எதிர் வீடு." அவள் கேட்டுவிட்டு, "சார், இத நான் எழுதி வச்சுக்கறேன்" என்றாள். அண்ணனுக்கு அது புதுசாக இருந்திருக்க வேண்டும். எழுதி வைக்க அவருக்குத் தேவையே இருந்ததில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் ஒரு நீள நோட்டு. இப்போது அவள் தபால் கொடுக்கப் போகும்போது அண்ணனும் கூடவே நடக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்கிறார், அவள் எழுதுகிறாள். பெயர், அப்பா பெயர், வளவு, அடையாளம், பகலில் எங்கே இருப்பார்கள், இல்லாவிட்டால் யாரிடம் சொல்லிவிட்டு வரலாம். ஆயாக்களுக்கு எந்த விரல் என்பதற்கு அவளாகவே தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பின்கோடோடு சேர்த்துச் சுத்தமாக நகல் எடுக்கிறோம். யாருக்குக் கடன், யாருக்கு நோய் என்று அண்ணன் வாய்மொழியாகச் சொன்னதை அந்த நோட்டில் ஏற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள். அது நினைவில் இருந்தால் போதும்.

ஓடைக்காடு இன்னும் பாக்கி. அங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, குடும்பத்தோடு கேரளாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. அடுத்த கிராம சபையில் வளவுப் பெயர்களை ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி மனு கொடுக்கப்போகிறோம், எழுதிவிட்டேன், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரைவிட்டு வெளியே போய், இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுத் தபாலை ஊரில் யாரிடம் கொடுக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கார்டு போடுங்கள். கிளை போஸ்ட்மாஸ்டர் என்று எழுதி, ஊர்ப் பெயர், ஏற்காடு, 636601 போட்டால் வந்துவிடும்.